திரையில் கண்ட நாஷும் வாழ்ந்த நாஷும்

கேள்வி: மனச்சிதைவு நோய்க்கு இரண்டு ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொள்ளும் என் தம்பியுடன் 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தைப் பார்த்தேன். அவனுக்குக் கணிதத்தில் மிகுந்த ஆர்வம் உண்டு. படம் முடிந்ததும், "அவர் மூளையாலேயே நோயை வென்றுவிட்டார், மருந்தை விட்டுவிட்டால் என்னாலும் முடியும்" என்றான். படத்தில் காட்டுவது எந்த அளவுக்கு உண்மை? அவனுக்கு நான் என்ன சொல்வது?

பல ஆண்டுகள் கல்லூரியில் ஆட்டக் கோட்பாடு (ஒருவருடைய பலன் பிறருடைய தேர்வுகளையும் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் கணிதம்) கற்பித்தவன் என்ற முறையிலும், இதே நோயுடன் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஓர் அண்ணனுக்குத் தம்பி என்ற முறையிலும் இப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பி சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர் எட்டியிருக்கும் முடிவு ஆபத்தானது. அது ஏன் என்று விளக்க, படத்தில் வரும் நோயையும், படத்தின் நாயகரான கணிதவியலாளர் ஜான் நாஷுக்கு உண்மையில் வந்த நோயையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2001 டிசம்பரில் வெளியான இப்படத்தை ரான் ஹோவர்ட் இயக்கினார். சில்வியா நாசர் 1998இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி அகீவா கோல்ட்ஸ்மன் திரைக்கதை அமைத்தார். நாஷாக ரசல் குரோவும், அவருடைய மனைவி அலிசியாவாக ஜெனிஃபர் கானலியும் நடித்தார்கள். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. நாசரின் நூல் ஆவணங்களையும் நேர்காணல்களையும் கொண்டு கட்டப்பட்ட வரலாறு. படமோ அந்த வரலாற்றிலிருந்து சில திருப்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே நடப்பதையெல்லாம் பெரும்பாலும் தானே கற்பனை செய்துகொண்டது.

படத்தின் ஏறத்தாழ முதல் ஒரு மணி நேரம், நோய் என்ற ஒன்று இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நாஷின் அறைத்தோழனாக சார்லஸ் வருகிறான். அவனுடைய அக்கா மகளாக மார்சி என்ற சிறுமி வருகிறாள். ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணியை நாஷிடம் ஒப்படைக்க பார்ச்சர் என்ற உளவு அதிகாரி வருகிறார். மூவரையும் நாமும் நாஷைப் போலவே நம்புகிறோம். பிறகு, ஆளில்லாத மாளிகையின் தபால் பெட்டியில் நாஷ் போட்டுவந்த 'மிக ரகசிய' உறைகளையெல்லாம் அலிசியா எடுத்துவந்து மருத்துவமனையில் அவர் முன்னே வைக்கும்போது, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை என்பதைக் காண்கிறோம். அந்த நொடியில் நாஷுக்கு விழும் அடி நமக்கும் விழுகிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்கு இயக்குநர் விட்டுவைத்த தடயங்கள் புலப்படும்: மார்சி புறாக் கூட்டத்தின் நடுவே ஓடும்போது ஒரு புறாவும் சிறகடிப்பதில்லை.

இந்த உத்தியைத் திரைக்கதை வித்தை என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனச்சிதைவு நோயைப் பற்றி வெளியிலிருப்பவர்களுக்குப் புரியவே புரியாத ஒன்று, நோயாளிக்குத் தான் காண்பதிலும் கேட்பதிலும் துளி ஐயமும் எழுவதில்லை என்பது. "இது பொய் என்று உனக்கே தெரியவில்லையா?" என்று கேட்டு ஓய்ந்துபோகாத குடும்பம் கிடையாது. என் அண்ணன், மின்கட்டண அட்டையில் எழுதப்படும் எண்கள் தனக்கென்று அனுப்பப்படும் செய்தி என்று நம்பினார். நாங்கள் எடுத்துச்சொன்ன ஒவ்வொரு விளக்கமும் அந்தச் சதியில் எங்களுக்கும் பங்குண்டு என்பதற்கான சான்றாக மாறியது. ஐயமே இல்லாத அந்த உறுதியை இரண்டு மணி நேரம் திரையரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஏற்படுத்திக் காட்டியது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதற்காகப் படம் நோயின் உருவத்தையே மாற்ற நேர்ந்தது. உண்மையான நாஷ் இல்லாத மனிதர்களைக் கண்டு, அவர்களோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர் அல்லர். சார்லஸும் மார்சியும் பார்ச்சரும் திரைக்கதையாசிரியரின் படைப்புகள். மனச்சிதைவு நோயில் மாயத்தோற்றங்கள் சிலருக்கு வருவதுண்டு என்றாலும், பெரும்பாலும் வருபவை மாயக்குரல்களே. பெயரும் முகமும் குணமும் கொண்ட ஓர் ஆள், கோவையாகப் பேசிக்கொண்டு பல ஆண்டுகள் கூடவே நடமாடுவது மிக அரிது. நாஷ் தமக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியதே ஏறத்தாழ 1964இல்தான் என்று பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார். நோய் வெளிப்பட்டதோ 1959இன் தொடக்கத்தில், அவருக்கு 30 வயது இருக்கும்போது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை ஆட்டிவைத்தவை நம்பிக்கைகள். சிவப்புக் கழுத்துப்பட்டை அணிந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கம்யூனிஸ்ட் அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று நம்பினார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கங்களில் விண்வெளியிலிருந்து தமக்கு மட்டும் செய்திகள் வருவதாகச் சக ஆசிரியர்களிடம் சொன்னார். சிகாகோ பல்கலைக்கழகம் பதவி தர முன்வந்தபோது, தாம் அண்டார்டிகாவின் பேரரசராகப் போவதால் ஏற்க இயலாது என்று பதில் எழுதினார். 1959 பிப்ரவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீமான் கருதுகோள் என்ற, தீர்க்கப்படாத கணிதப் புதிர் பற்றி அவர் ஆற்றிய உரை, கேட்டவர்களுக்குத் தொடர்பற்ற சொற்களின் குவியலாகப் பட்டது. பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்று தம் அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்க முயன்றார். இவற்றில் எதையும் கேமராவின் முன் ஓர் ஆளாக நிறுத்திவிட முடியாது. அதனால்தான் நம்பிக்கைகளுக்கெல்லாம் படம் முகம் கொடுத்தது. கண்ணால் காண்பதை நம்புவது எல்லாருக்கும் இயல்பு என்பதால், நமக்கு நாஷ் மீது இரக்கம் எளிதில் வந்துவிடுகிறது. ஒருவர் எதையும் காணாமலே, தம் சிந்தனையின் வழியாக மட்டும், தாம் ஒரு பேரரசர் என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தால் அவர்மீது அதே இரக்கம் நமக்கு வருமா என்ற கடினமான கேள்வியைப் படம் எழுப்பவில்லை.

நாஷின் வாழ்க்கையில் என்னை மிகவும் பாதித்த நிகழ்ச்சி படத்தில் இல்லை. நாசரின் நூலின் தொடக்கத்தில் இருக்கிறது. 1959இல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்ற ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் மேக்கி, தர்க்கத்துக்கும் நிரூபணத்துக்கும் தம்மை ஒப்படைத்த ஒரு கணிதவியலாளர், வேற்றுலகத்தவர் தமக்குச் செய்தி அனுப்புவதாக எப்படி நம்ப முடிந்தது என்று தாங்காமல் கேட்டுவிடுகிறார். இயற்கைக்கு அப்பாற்பட்ட அவர்களைப் பற்றிய எண்ணங்களும் தம் கணித எண்ணங்கள் வந்த அதே வழியில்தான் வந்தன, அதனால் அவற்றைப் பொருட்படுத்தினேன் என்று நாஷ் பதிலளித்தார்.

அந்தப் பதிலின் கனத்தை உணர, அவருடைய கணிதம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். முடிவு முதலில் மின்னலாக வரும். நிரூபணம் பின்னாலேதான் வரும். வளைந்த வடிவவெளிகளை வளைவில்லாத யூக்ளிடிய வெளிக்குள் நீளம் மாறாமல் பொதித்துவைக்க முடியும் என்று 1954இலும் 1956இலும் அவர் நிறுவிய தேற்றங்களை, நிறுவும்வரை பலர் நம்பவில்லை. கணிதவியலாளர்கள் பலர் பின்னாளில் அவருக்கு நோபெல் பரிசு பெற்றுத்தந்த ஆட்டக் கோட்பாட்டு ஆய்வைவிட இவற்றையே ஆழமானவையாகக் கருதுகிறார்கள்; படமோ இவற்றுக்குப் பெரிதாக இடம் தரவில்லை. ஊரே நம்பாததைத் தனியாக நம்பி, அது சரியென்று பலமுறை கண்டவர் அவர். அப்படிப்பட்ட மனத்துக்கு, உள்ளிருந்து வரும் உறுதியை ஐயுற எந்தக் காரணமும் இருந்திருக்காது. நிரூபணத்தின் சோதனைக்கு உட்படுத்த முடிந்த எண்ணங்கள் தேற்றங்களாயின. அப்படிச் சோதிக்க வழியில்லாத எண்ணங்கள் அவரை அண்டார்டிகாவுக்கு இழுத்துச் சென்றன.

இதற்கு மிக நெருங்கி வரும் காட்சி படத்தில் ஒன்று உண்டு. வீட்டைவிட்டுப் புறப்படும் அலிசியாவின் காரை மறித்து, மார்சிக்கு வயது கூடவே இல்லை, ஆகவே அவள் உண்மையாக இருக்க முடியாது என்று நாஷ் சொல்லும் காட்சி அது. அப்படி ஒன்று உண்மையில் நடக்கவில்லை. ஆயினும் கணிதம் படித்த எவருக்கும் அக்காட்சியில் மயிர்க்கூச்செறியும்; ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு அதிலிருந்தே முரண்பாட்டை வருவித்து அதைப் பொய்யாக்கும் முறை அது. உங்கள் தம்பியைக் கவர்ந்தது இக்காட்சியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது இதே தர்க்கம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். வயது கூடாத சிறுமிக்கு வயது கூடாததற்கான காரணத்தைக் கூர்மையான மூளை ஒரே நாளில் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

கணிதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். மதுக்கூடத்தில் பொன்னிறக் கூந்தல் கொண்ட பெண்ணைக் கண்டதும் நாஷுக்குத் தம் கோட்பாடு தோன்றுவதாக வரும் காட்சியை ஆண்டுதோறும் மாணவர்களிடம் சொல்லி, அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். எல்லாரும் அவளை நாடினால் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்வோம், ஆகவே யாரும் அவளிடம் செல்லாமல் அவளுடைய தோழிகளை நாடுவதே சிறந்த தீர்வு என்கிறார் படத்து நாஷ். நாஷ் சமநிலை என்பது, பிறர் தங்கள் தேர்வை மாற்றாதிருக்கும்போது தாம் மட்டும் மாற்றிக்கொள்வதால் எவருக்கும் ஆதாயம் கிடைக்காத நிலை. மற்ற அனைவரும் தோழிகளிடம் சென்றுவிட்டார்கள் என்றால், எஞ்சிய ஒருவன் உடனே அந்தப் பெண்ணிடம் செல்வதுதான் அவனுக்கு ஆதாயம். ஆக, படம் காட்டும் தீர்வு சமநிலையே அல்ல. 1950இல், 21 வயதில், 28 பக்கங்களே கொண்ட முனைவர் பட்ட ஆய்வேட்டில் நாஷ் எழுதிய கருத்து இதைவிடத் தெளிவானது.

குறியீடுகளை உடைக்கும் பகுதி கற்பனை என்றாலும் அதற்கடியில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. 1955இல் நாஷ் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்குக் கடிதங்கள் எழுதி, தாம் வடிவமைத்த ஒரு மறையாக்க முறையை முன்மொழிந்தார். முகமை அதை ஏற்கவில்லை. 2012இல் அக்கடிதங்கள் பொதுவெளிக்கு வந்தபோது, அவற்றில் இருந்த சிந்தனை காலத்தை மிகவும் முந்தியது என்று துறையினர் வியந்தார்கள்.

சிகிச்சையைப் படம் காட்டும் விதம் ஓரளவு நேர்மையானது. இன்சுலினை அதிக அளவில் செலுத்தி, இரத்தத்தில் சர்க்கரையை வீழ்த்தி, நோயாளியை ஆழ்ந்த மயக்கத்துக்கும் சில வேளைகளில் வலிப்புக்கும் ஆளாக்கி, பிறகு குளுக்கோஸ் கொடுத்து எழுப்பும் முறை நாஷுக்கு 1961இல் உண்மையாகவே செய்யப்பட்டது. நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மாநில மருத்துவமனையில், ஆறு வாரங்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1957இல், பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, இன்சுலின் மயக்கத்தால் கிடைக்கும் பலன் சாதாரணத் தூக்க மருந்தால் வரும் மயக்கத்தின் பலனைவிட மேலானதல்ல என்று காட்டியிருந்தது. படத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று அலிசியா பார்க்கும் அந்தக் காட்சியை என்னால் இன்றுவரை முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

அதற்குப் பின் வரும் வீட்டுக் காட்சிகளைத்தான் படத்தின் மிக உண்மையான பகுதி என்று சொல்வேன். மாத்திரை சாப்பிட்டுவிட்டு நாஷ் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார், குழந்தை அழுகிறது, அவரிடம் அசைவில்லை, கணக்கு வரவில்லை, மனைவியின் தொடுகைக்கு எதிர்வினை இல்லை, அலிசியா குளியலறைக் கண்ணாடியில் டம்ளரை வீசி உடைத்துவிட்டு அலறுகிறாள். அக்கால மருந்துகளின் பக்கவிளைவு இப்படித்தான் இருந்தது. மருந்து மட்டுமே காரணமல்ல, விருப்பமும் உணர்ச்சியும் வற்றிப்போவது அந்த நோயின் ஒரு முகமும்கூட. ஆனால் அதைப் படம் பிரித்துச் சொல்லவில்லை. நோயாளி ஏன் மாத்திரையை இழுப்பறையில் ஒளித்துவைக்கிறார் என்பதை, அவரைக் குற்றவாளியாக்காமல், இதைவிட நன்றாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

படம் பெரிதும் மறைத்தது காலத்தையும் அலிசியாவையும். 1957இல் நடந்த திருமணம் 1963இல் மணமுறிவில் முடிந்தது. படத்தில் மணமுறிவே இல்லை. ஆனால் 1970இல், போக்கிடமற்றிருந்த அந்த மனிதரை அலிசியா மீண்டும் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார், கணவராக அல்ல, வீட்டில் தங்கும் ஒருவராக. கணிப்பொறி நிரலாளராக வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்புவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர்களுடைய மகனுக்கும் இதே நோய் வந்தது. படம் அதைக் காட்டவில்லை. நாஷ் பகலெல்லாம் பிரின்ஸ்டனின் கணிதத் துறைக் கட்டடமான ஃபைன் ஹாலில் சுற்றிக்கொண்டு, கரும்பலகைகளில் எண்களும் பெயர்களும் கலந்த விளங்காத செய்திகளை எழுதிவைத்தார். மாணவர்கள் 'ஃபைன் ஹாலின் பேய்' என்று அழைத்தார்கள், ஆனால் யாரும் விரட்டவில்லை. இருபது ஆண்டுகள் இப்படிப் போயின. 1994இல் ரெய்ன்ஹார்ட் செல்டன், ஜான் ஹர்சானி ஆகியோரோடு பொருளியலுக்கான நோபெல் பரிசு வந்தது. படத்தின் முடிவில் அவர் மனைவியை நோக்கி ஆற்றும் காதல் உரை நிகழவே இல்லை. வழக்கமான நோபெல் உரைக்குப் பதிலாக அவருடைய ஆய்வைப் பற்றிய ஒரு கருத்தரங்கு நடந்தது. 2001இல் இருவரும் மறுமணம் செய்துகொண்டார்கள். 2015 மே மாதம் நார்வேயில் ஆபெல் பரிசைப் பெற்றுத் திரும்பிய வழியில், நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் நேர்ந்த டாக்சி விபத்தில் இருவரும் சேர்ந்தே இறந்தார்கள். காதல் நோயைத் தீர்த்தது என்று படம் சொல்கிறது. வேளைக்குச் சோறும் உறங்க இடமும் தொல்லையற்ற சூழலும் ஆண்டுக்கணக்கில் கிடைத்தது என்று வாழ்க்கை சொல்கிறது. காதலை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை; அலிசியா செய்தது, படத்தின் கதாநாயகி செய்ததைவிட மிகப் பெரியது.

இனி உங்கள் தம்பியின் கூற்றுக்கு வருகிறேன். நோபெல் குழுவிலிருந்து வருபவரிடம், புதிய மருந்துகளை எடுத்துக்கொள்வதாகப் படத்து நாஷ் சொல்கிறார். உண்மையான நாஷ் 1970க்குப் பிறகு மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்து நோயாளிகள் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலையில் திரைக்கதையாசிரியர் அந்த வரியைச் சேர்த்ததாக நாஷே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆகவே மருந்தில்லாமல் அவர் மீண்டார் என்பது உண்மை. அரசியல் சார்ந்த எண்ணங்களை வீண் உழைப்பென்று ஒதுக்கத் தொடங்கியதிலிருந்து, மாயை கலந்த சிந்தனைகளை அறிவால் படிப்படியாக மறுத்தேன் என்று நோபெல் பரிசுக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் கூறுகிறார். அதே குறிப்பில், இந்த மீட்சி முழு மகிழ்ச்சியானதல்ல என்றும், பகுத்தறிவு பேரண்டத்தோடு ஒருவருக்குள்ள உறவுக்கு எல்லை வகுத்துவிடுகிறது என்றும் எழுதுகிறார்.

ஆனால் அந்த மீட்சி வந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. இடையில் சென்றவை கணிதம் செய்ய வேண்டிய இருபத்தைந்து ஆண்டுகள். வயது ஏற ஏற இந்நோய் தானாகவே தணிவது சிலரிடம் காணப்படுவதுதான். அவருடைய தர்க்கம் நோயைத் தணித்ததா, நோய் தணிந்ததால் தர்க்கம் திரும்பியதா என்று ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. பலரை ஒன்றாக வைத்துப் பார்த்த கணக்கு இருக்கிறது: 65 மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 100க்கு 27 பேர்; மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 பேர். கணித ஆர்வமுள்ள உங்கள் தம்பியிடம் இவ்விரு எண்களையும் அப்படியே கொடுத்துவிடுங்கள். மருந்தால் மூளை மந்தமாகிறது என்பது அவருடைய உண்மையான குறையாக இருந்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளாமல் மருத்துவரிடம் நீங்களும் உடன்சென்று பேசுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் இன்று வழிகள் உண்டு. தாமாக நிறுத்துவதுதான் கூடாது.

படத்தில் அவரோடு சேர்ந்து மீண்டும் பார்க்கத்தக்க காட்சி ஒன்று உண்டு. வகுப்பு முடிந்து வெளியே வரும் முதிய நாஷை, முன்பின் தெரியாத ஒருவர் வந்து சந்திக்கிறார். நாஷ் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன், அருகில் செல்லும் மாணவியை நிறுத்தி, இங்கே ஒருவர் நிற்பது உனக்குத் தெரிகிறதா என்று கேட்கிறார். அவள் ஆம் என்ற பிறகுதான் வந்தவரிடம் பேசத் தொடங்குகிறார். அந்தக் கேள்வியில் கூச்சமோ அவமானமோ இல்லை. என் அண்ணனும் தம் கடைசி ஆண்டுகளில், மாத்திரை போட்டுக்கொண்டிருந்த காலத்திலும், சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி, "இப்போ யாராவது கூப்பிட்டாங்களாடா?" என்று என்னைக் கேட்பார். "இல்லைண்ணா" என்பேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீண்டும் சோற்றைப் பிசையத் தொடங்குவார்.